தேவதூதர்களைக் கண்ட சித்திரக்காரர்

1782-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந் தேதி. லண்டனை அடுத்து, தேம்ஸ் நதிக்கரையில் உள்ள பாட்டர்சி மாதா கோவிலில் ஒரு கலியாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு வயது 24. பெண்ணுக்கு 20. கோவில் புத்தகத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மாப்பிள்ளை போட்டார். பெண்ணுக்கு எழுதத் தெரியாது. பேனாவை வாங்கி, ஒரு பெருக்கல் குறி கீறினாள்.

அவள் பெயர் கேதரின். காய்கறித் தோட்டக்காரரின் மகள். மாப்பிள்ளை வில்லியம் பிளேக். இங்கிலாந்தின் பெரிய கவிஞர் என்றும், பெரிய ஓவியர் என்றும் உலகம் பின்னால் கொண்டாடியது இவரைத்தான். அன்று அவர் செப்புத் தகட்டில் படம் செதுக்கிப் பிழைக்கும் தொழிலாளி.

காலுறைக் கடை

வில்லியம் பிறந்தது 1757 நவம்பர் 28-ந் தேதி. லண்டனில் சோஹோ பகுதி, பிராட் தெரு, 28-ம் நம்பர் வீடு. கீழே கடை, மேலே குடித்தனம். தகப்பனார் காலுறை வியாபாரி. பையனுக்குப் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. ஊரைச் சுற்றுவதே அவனுக்குப் பிரியம்.

எட்டு, பத்து வயது இருக்கும். ஒரு நாள் பெக்காம் வெளி வரை நடந்து போனான். அங்கே ஒரு மரத்தின் கிளைகளில் எல்லாம் தேவதூதர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்று வீட்டில் வந்து சொன்னான். பொய் சொல்கிறான் என்று தகப்பனார் அடிக்கப் போனார். தாயார் குறுக்கே வந்து தடுத்தார்.

அடிக்கப் போன அதே தகப்பனார்தான் அவனைப் பத்து வயதில் சித்திரப் பள்ளியில் சேர்த்தார். பதினாலு வயதில் பாசயர் என்ற செதுக்கு வேலைக்காரரிடம் ஏழு வருஷம் தொழில் பழக விட்டார். அதற்கு 52 பவுனுக்கு மேல் கட்டினார். சிறு வியாபாரிக்கு அது பெரிய தொகை!

பாசயர் பையனை வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய கோவிலுக்கு அனுப்பி, ராஜா ராணிகளின் சமாதிகளைப் பார்த்துப் படம் எழுதி வரச் சொன்னார். அந்தக் கல் உருவங்களின் நீண்ட அங்கிகளைப் பிற்காலத்தில் அவர் எழுதிய படங்களிலும் காணலாம்.

தம்பி காட்டிய வழி

தம்பி ராபர்ட் என்றால் வில்லியத்துக்கு உயிர். 1787-ல் ராபர்ட் நோயில் விழுந்தார். அண்ணன் இரவு பகலாகப் பக்கத்திலேயே இருந்தார். தம்பியின் ஆவி கை தட்டிக்கொண்டு மேலே போனதைக் கண்ணால் கண்டதாகச் சொன்னார். பிறகு தம்பியே தோன்றி, ஒரு புது அச்சு முறையைச் சொல்லிக் கொடுத்தாராம்.

முறை இதுதான். திராவகம் அரிக்காத மையால் செப்புத் தகட்டில் பாட்டையும் படத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். எழுத்து கண்ணாடியில் தெரிவது போலத் தலைமாறி இருக்க வேண்டும். தகட்டில் திராவகம் விட்டால் மற்ற இடம் அரித்துப் போகும். எழுதிய இடம் மேடாக நிற்கும். மை தடவித் தாளை அழுத்தினால் எழுத்து நேராக விழும். அதன்மேல் வர்ணம் தீட்ட வேண்டும்.

இவ்வளவு வேலைக்கும் ஆள் யார்? கேதரின் அம்மையார்தான். கணவர் அவருக்கு எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்திருந்தார். பெருக்கல் குறி கீறிய அந்தக் கையே இப்போது அச்சு எடுத்தது, வர்ணம் தீட்டியது, புத்தகம் தைத்தது. 1789-ல் குழந்தைகளைப் பற்றிய பாட்டுப் புத்தகம் இப்படி வெளிவந்தது. லண்டன் வீடுகளின் புகைக்கூண்டுக்குள் ஏறிக் கரி துடைத்த ஏழைச் சிறுவர்களும் அதில் வருகிறார்கள். வில்லியம் தெருவில் தேவதூதர்களை மட்டும் பார்க்கவில்லை.

காலித் தட்டு

புத்தகம் சில பிரதிகளே விற்றது. நதிக்குத் தெற்கே லாம்பெத் பகுதியில் சுமார் பத்து வருஷம், பிறகு கடலோரக் கிராமத்தில் மூன்று வருஷம். அங்கே ஒரு சிப்பாயோடு தகராறு. அரசரை ஏசினார் என்று வழக்கு. 1804-ல் விடுதலை. அதற்குள் லண்டனுக்கே திரும்பிவிட்டார்.

வீட்டில் பணம் தீர்ந்துபோனால் அம்மையார் சண்டை போடமாட்டார். சாப்பாட்டு வேளையில் காலித் தட்டைக் கணவர் முன்னால் வைப்பார் என்பார்கள். அதைப் பார்த்துவிட்டு அவர் கூலிக்குச் செதுக்கப் போவார்.

1809-ல், பிறந்த அதே காலுறைக் கடையின் மாடியில் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார். மொத்தம் 16 படங்கள். அப்போது கடை அண்ணன் கையில் இருந்தது. கட்டணம் இரண்டரை ஷில்லிங். வந்தவர்கள் சிலரே. ஒரே ஒரு பத்திரிகை அதைப் பற்றி எழுதியது. அதுவும் அவரைப் பைத்தியம் என்று எழுதியது.

கடைசிப் படம்

கடைசி ஆறு வருஷம் ஸ்டிராண்ட் வீதிக்குப் பின்னால் இரண்டே அறைகள். ஜன்னல் வழியே வீடுகளின் இடுக்கில் தேம்ஸ் கொஞ்சம் தெரியும். ஜான் லின்னல் என்ற இளம் ஓவியர் வேலை கொடுத்து ஆதரித்தார்.

1827 ஆகஸ்டு 12, ஞாயிற்றுக்கிழமை. படுக்கையில் படம் எழுதிக்கொண்டிருந்த வில்லியம் அதை ஒதுக்கிவிட்டு, அருகே இருந்த மனைவியைப் படமாக எழுதினார். பிறகு பாடத் தொடங்கினார். மாலையில் உயிர் பிரிந்தது. அந்தப் படம் பின்னால் கிடைக்கவில்லை.

சவ அடக்கத்துக்கு லின்னல் கடன் கொடுத்தார். பன்ஹில் மயானத்தில் பொதுக் குழியில் அடக்கம். கேதரின் அம்மையார் கணவரின் படங்களை விற்றுப் பிழைத்து, 1831-ல் காலமானார்.

குழி இருந்த இடம் மறந்துபோயிற்று. இந்தக் காலத்தில் ஒரு கணவனும் மனைவியும் பழைய கணக்குகளைப் பார்த்து அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். 2018 ஆகஸ்டு 12-ந் தேதி அங்கே வில்லியத்தின் பெயர் பொறித்த கல் வைக்கப்பட்டது.