பாலம் கட்டத் தெரிந்த பாதிரியார்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது, வழக்கம்போல ஹாஸ்டல் மெஸ் சாம்பார், மெக்கானிக்ஸ் அரியர், கடைசி வருஷ டூர் என்று ஏதாவது எழுதி ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதுகிற சீனியர்கள் இருக்கிறார்கள். அதனால் இந்த முறை நம்ம காலேஜுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு இன்ஜினியரைப் பற்றி எழுதுகிறேன். மனுஷன் போய்ச் சேர்ந்து 125 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

சில வருஷங்களுக்கு முன் கம்பெனி வேலையாக ஆறு மாதம் ஜப்பானில் இருந்தேன். ஒரு லீவு நாளில் நாகசாகி போனபோது ஒரு கடையில் பழைய போட்டோ ஒன்றைப் பார்த்தேன். நாற்பதுக்கும் மேற்பட்ட சாமுராய்கள், இடுப்பில் வாள். நடுவில் ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் ஒரு சின்னப் பையன். நவீன ஜப்பானை உருவாக்கிய தலைவர்கள் அத்தனை பேரும் இந்த ஒரே படத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு கதை அங்கே ரொம்ப நாளாக உலவுகிறது. அது கட்டுக்கதை. 1868-69 வாக்கில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் இருப்பவர்கள் சாகா என்ற பிரபு நாட்டின் பள்ளியில் படித்த மாணவர்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கோ நடுவில் உட்கார்ந்திருந்தவர் மேல்தான் கண். விசாரித்தேன். பெயர் கீடோ வெர்பெக். கிறிஸ்தவ மிஷனரி. அதற்கு முன்னால் சிவில் இன்ஜினியர். அவ்வளவுதான், விடவில்லை. கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

வெர்பெக் 1830ல் ஹாலந்தில் ஸைஸ்ட் என்ற ஊரில் பிறந்தவர். பள்ளிக்கூடத்திலேயே டச்சு, ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் நான்கும் வந்துவிட்டன. உட்ரெக்ட் நகரில் இன்ஜினியரிங் படித்தார். 22 வயதில், நம்ம பசங்க மாதிரியே, அமெரிக்காவுக்குக் கிளம்பினார். விஸ்கான்சினில் ஒரு பவுண்டரியில் வேலை. பிறகு தெற்கே அர்க்கன்சாவில் பாலங்களுக்கு டிசைன் போட்டார். அங்கே பருத்தித் தோட்டங்களில் அடிமைகள் படும் பாட்டை நேரில் பார்த்தார். அந்த ஊரிலேயே காலரா வந்து சாகக் கிடந்தார். பிழைத்தால் மிஷனரி ஆகிறேன் என்று அப்போது நேர்ந்துகொண்டார். பிழைத்தார். நேர்ந்துகொண்டதை மறந்துவிடுவது நம் எல்லோருக்கும் வழக்கம். அவர் மறக்கவில்லை. நியூயார்க் மாநிலத்தில் இறையியல் படித்து முடித்து, 1859ல் கல்யாணம் செய்துகொண்டு, அதே வருஷம் கப்பல் ஏறினார். நவம்பர் 7ஆம் தேதி நாகசாகியில் இறங்கும்போது வயது 29.

இறங்கிய இடத்தைப் பாருங்கள். 1614 முதல் ஜப்பான் முழுக்கக் கிறிஸ்தவ மதத்துக்குத் தடை. ஊருக்கு ஊர் அரசாங்கத்தின் மரப்பலகை நட்டிருக்கும். அந்த மதத்தைத் தொட்டவனுக்குக் கடும் தண்டனை என்று அதில் எழுதியிருக்கும். 1858ல் போட்ட ஒப்பந்தப்படி வெளிநாட்டுக்காரர்கள் தங்களுக்குள் ஜெபம் செய்துகொள்ளலாம், ஜப்பானியருக்குப் போதிக்கக் கூடாது. அதாவது, எந்த வேலைக்காக ஆறு மாதம் கப்பலில் வந்தாரோ அந்த வேலையை மட்டும் செய்யக் கூடாது. பேச்சுவாக்கில் யாராவது கிறிஸ்து பெயரை எடுத்தால், எதிரே இருக்கும் ஜப்பானியரின் கை தன்னை அறியாமல் கழுத்துக்குப் போகுமாம். தலை போகிற விஷயம் என்று அர்த்தம்.

அப்படியானால் அந்த இளம் மிஷனரி தினமும் என்னதான் செய்தார்? முதலில் பாஷை படித்தார். உருப்படியான ஜப்பானிய-ஆங்கில அகராதி என்று ஒன்று, ஹெப்பர்ன் என்ற இன்னொரு மிஷனரி டாக்டர் தயாரித்தது, 1867ல்தான் வெளிவந்தது. அதுவரைக்கும் வாத்தியார் வாயைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். ஜப்பானிய மொழி நம்ம தமிழ் மாதிரி. வா, வாங்க, வாருங்கள் என்று ஆளைப் பார்த்து மாற்ற வேண்டும். அதைவிடவும் படிகள் அதிகம். வேலைக்காரனிடம் பேசுகிற வினைச்சொல்லைப் பிரபுவிடம் பேசினால் தீர்ந்தது கதை. எழுத்து வேறு மூன்று வகை. வெர்பெக் வருஷக்கணக்கில் இதோடு மல்லுக்கட்டினார். பிற்காலத்தில் திரைக்குப் பின்னால் இருந்து அவர் பேசினால் வெளிநாட்டுக்காரர் என்று கண்டுபிடிக்க முடியாது என்று சொல்வார்கள்.

அடுத்தது, வருகிறவர்களுக்குப் பதில் சொன்னார். நாகசாகியில் தேஜிமா என்று விசிறி வடிவத்தில் ஒரு செயற்கைத் தீவு உண்டு. 200 வருஷத்துக்கு மேல் டச்சு வியாபாரிகள் அங்கேதான் அடைபட்டிருந்தார்கள். ஜப்பானுக்கு மேற்கத்திய அறிவு வந்த ஒரே ஜன்னல் அது. அதனால் ஊர் மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தெரிந்த ஐரோப்பிய மொழி டச்சு. அதுவோ வெர்பெக்கின் தாய்மொழி. வாள் கட்டிய இளைஞர்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களுக்கு வேண்டியது கடவுள் இல்லை. நீராவி இன்ஜின், கப்பல், பீரங்கி, மேல்நாட்டுச் சட்டம், எல்லாவற்றுக்கும் மேலாக ஆங்கிலம். அவர் சலித்துக்கொள்ளாமல் கேட்டதைச் சொல்லிக்கொடுத்தார். ஷாங்காயிலிருந்து வந்த சீன மொழிப் புத்தகங்களையும் கொடுத்தார். படித்த ஜப்பானியருக்குச் சீன எழுத்து வாசிக்க வரும். அந்தப் புத்தகங்களில் மதமும் இருந்தது, விஞ்ஞானமும் இருந்தது.

வீட்டுக்குள்ளும் சுகமில்லை. 1860 ஜனவரியில் முதல் குழந்தை பிறந்தது. எம்மா ஜபோனிகா என்று ஊரின் பெயரையே சேர்த்து வைத்தார்கள். சில நாள்தான் இருந்தது. பின்னால் பிறந்த மகளுக்கும் எம்மா என்றே பெயர் வைத்தார்கள். 1862ல் யோகோஹாமா அருகே ஒரு ஆங்கிலேய வியாபாரியை சாமுராய்கள் வெட்டிக் கொன்றார்கள். போர் வரும் என்ற பயத்தில் 1863ல் வெர்பெக் குடும்பத்தோடு ஷாங்காய்க்குப் போய்ச் சில மாதம் இருந்துவிட்டு, திரும்பி வந்து தேஜிமாவில் குடியேறினார். அப்படியே அமெரிக்காவுக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

1864ல் நாகசாகி அரசுப் பள்ளியில் அவரை ஆசிரியராக நியமித்தார்கள். அப்போது அவருக்கு 34. அடுத்த சில வருஷங்களில் சாகா பிரபுவின் பள்ளியும் அவரை அழைத்துக்கொண்டது. பாடப் புத்தகமாக அவர் எடுத்துக்கொண்டது இரண்டு: புதிய ஏற்பாடு, அமெரிக்க அரசியல் சட்டம். அவரிடம் படித்த ஒகுமா ஷிகெனோபு பின்னால் இரண்டு தடவை பிரதமர் ஆனார். இன்றைய வசேதா பல்கலைக்கழகத்தை ஆரம்பித்தவரும் அவரே. இன்னொரு மாணவர் சொயெஜிமா தனெயோமி வெளியுறவு அமைச்சர் ஆனார்.

சரி, வந்த வேலை என்ன ஆயிற்று? நாகசாகியில் இருந்த பத்து வருஷத்தில் அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு கதை சொல்லியாக வேண்டும். சாகாவில் முராதா வகாசா என்று ஒரு மூத்த அதிகாரி. 1850களின் நடுவில் நாகசாகி துறைமுகத்தில் மிதந்த ஒரு புத்தகம் அவர் கைக்குக் கிடைத்ததாம். அது பைபிள். வாசிக்கத் தெரியவில்லை. பிறகு சீன மொழிபெயர்ப்பு ஒன்றை வரவழைத்துப் படித்தார். சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? 1862ல் தன் தம்பியை வெர்பெக்கிடம் அனுப்பினார். அதன் பிறகு ஒரு தூதுவர் கேள்விகளை நாகசாகிக்குக் கொண்டுவருவார், பதிலைத் திரும்ப சாகாவுக்குக் கொண்டுபோவார். உலகத்திலேயே ஆபத்தான அஞ்சல் வழிக் கல்வி அதுவாகத்தான் இருக்கும்! நான்கு வருஷம் போனது. 1866 மே மாதத்தில் முராதாவே நாகசாகிக்கு வந்தார். 20ஆம் தேதி வெர்பெக் வீட்டில் ரகசியமாக அண்ணன், தம்பி இருவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். வெர்பெக் ஜப்பான் வந்து அப்போது ஆறரை வருஷம் ஆகியிருந்தது.

1868ல் ஆட்சி மாறியது. மறு வருஷம் புது அரசாங்கம் அவரை டோக்கியோவுக்கு அழைத்தது. 1877ல் டோக்கியோ பல்கலைக்கழகமாக வளரப்போகிற கல்விக்கூடத்துக்கு அவர்தான் தலைமை ஆசிரியர், அரசுக்கு ஆலோசகரும்கூட. மருத்துவத்துக்கு ஜெர்மனியைப் பின்பற்றுங்கள் என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர். ஜப்பான் அப்படியே செய்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு உறுத்தல். அதே அரசாங்கம் அதே வருஷங்களில் நாகசாகி பக்கத்து உராகமி கிராமத்துக் கிறிஸ்தவர்களை வேட்டையாடிக்கொண்டிருந்தது. தலைமுறை தலைமுறையாக ஒளிந்து ஜெபித்த கத்தோலிக்கக் குடியானவர்கள். சுமார் 3,400 பேரைப் பிடித்து நாட்டின் பல மூலைகளுக்கு அனுப்பினார்கள். நூற்றுக்கணக்கானோர் திரும்பவே இல்லை. அந்த அரசாங்கத்தின் சம்பளத்தை ஒரு மிஷனரி வாங்கலாமா? ராஜினாமா செய்துவிட்டு ஊரறியக் கூவியிருக்க வேண்டாமா? நானும் என் ரூம்மேட்டும் இதைப் பற்றி ஒரு ராத்திரி முழுக்க வாதாடினோம். முடிவுக்கு வரவில்லை.

அவர் செய்தது வேறு. 1869ல், வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே, ஒரு திட்டம் எழுதி ஒகுமாவிடம் கொடுத்தார். நாட்டின் பெரிய தலைவர்களே நேரில் மேல்நாடுகளுக்குப் போய், பள்ளி, தொழிற்சாலை, சட்டம், மதச் சுதந்திரம் எல்லாவற்றையும் தங்கள் கண்ணால் பார்த்து வர வேண்டும் என்பது அதன் சாரம். இரண்டு வருஷம் அது பெட்டிக்குள் தூங்கியது. 1871ல் இவாகுரா தொமொமி என்ற மூத்த அமைச்சர் அதைப் பற்றிக் கேள்விப்பட்டு அவரை அழைத்துப் பேசினார். அந்த டிசம்பரில் இவாகுரா தலைமையில் மாணவர்களும் சேர்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் கப்பலேறினார்கள். போன தேசமெல்லாம் அவர்களைத் துரத்திய கேள்வி, ஏன் கிறிஸ்தவர்களைக் கொடுமை செய்கிறீர்கள் என்பதுதான். 1873 பிப்ரவரியில் அந்த மரப்பலகைகள் எடுக்கப்பட்டன. உராகமி மக்கள் வீடு திரும்பினார்கள். அது ஒருவர் செய்த வேலை என்று சொன்னால் தப்பு. பல கைகள் சேர்ந்து இழுத்த தேர் அது. ஆனால் ஒரு வடம் வெர்பெக் திரித்தது. திட்டம் என்னுடையது என்று அவர் தம்பட்டம் அடித்துக்கொள்ளவும் இல்லை.

1877ல் அரசு விருது கொடுத்தது. அந்தச் சமயத்தில் அரசு வேலையை விட்டு விலகி, எதற்காக வந்தாரோ அதற்குத் திரும்பினார். ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார். பைபிளின் சங்கீதங்களை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்ததில் அவர் பங்கு பெரியது. 29 வயதில் தொடங்க நினைத்த வேலையை நிம்மதியாகச் செய்ய 47 வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

ஒரு வேடிக்கை. ஹாலந்துக் குடியுரிமை போய்விட்டது, அமெரிக்கக் குடியுரிமை கிடைக்கவில்லை. ஊருக்கெல்லாம் வழி சொன்னவருக்குச் சொந்தமாக ஒரு தேசம் இல்லை. 1891ல் ஜப்பான் அரசு தனிச் சலுகையாக, நாட்டில் எங்கும் போகலாம், இருக்கலாம் என்று அவருக்குப் பத்திரம் கொடுத்தது. 1898 மார்ச் 10 அன்று டோக்கியோவில் காலமானார். அவோயாமா கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன்? எனக்கும் இப்போ 34 ஆகிறது. மூன்று வருஷம் ராத்திரி பகல் பார்க்காமல் செய்த ஒரு ப்ராஜெக்டை ஒரே மீட்டிங்கில் இழுத்து மூடினார்கள். அந்த ஆறு மாத ஜப்பான் வேலையும் அதனோடு சேர்ந்ததுதான். கொஞ்ச நாள் எதிலும் மனசு ஒட்டவில்லை. அப்போதுதான் வெர்பெக்கின் முதல் ஐந்து வருஷத்தை மறுபடி படித்தேன். ரிப்போர்ட்டில் காட்ட ஒன்றுமே இல்லாத வருஷங்கள். பாஷை படித்தார், கதவைத் தட்டியவனுக்குப் பாடம் சொன்னார், குழந்தையைப் புதைத்தார், மறுநாளும் பாடம் சொன்னார். படிக்கிற தம்பி, தங்கைகளே, முதல் வேலையில் உங்களுக்கும் இப்படி ஒரு காலம் வரும். அப்போது இவரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நம்ம டிபார்ட்மெண்ட் வராண்டாவில் வரிசையாக பேட்ச் போட்டோக்கள் மாட்டியிருக்கும். ரீயூனியனுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் தேடுவது தன் முகத்தைத்தான். நானும் அப்படித்தான் இத்தனை வருஷம் பார்த்தேன். இந்தத் தடவை வரும்போது நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களை ஒரு நிமிஷம் நின்று பார்க்கப்போகிறேன். பாதிப் பேர் பெயர்கூட எனக்கு ஞாபகம் இல்லை. தெரிந்தவர்கள் பக்கத்தில் வந்து சொல்லுங்கள்.