நாட்டு வேருக்கு உலகப் புகழ் தேடித் தந்த டாக்டர் வக்கீல்

பெயரோ வக்கீல், தொழிலோ வைத்தியம்! ரஸ்டம் ஜால் வக்கீல் என்ற அந்த டாக்டர் 1911-ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனில் மருத்துவம் படித்தார். ஊர் திரும்பி, பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இருதய நோய் டாக்டராகப் பணியாற்றினார்.

அந்த நாளில் இரத்தக் கொதிப்புக்கு நல்ல மருந்து கிடையாது. ஓய்வு எடுக்கவும் உப்பைக் குறைக்கவும் சொல்வார்கள். அதற்கு மேல் அதிகம் செய்ய முடியவில்லை.

நாட்டு வேர்

சர்ப்பகந்தி என்று ஒரு செடி உண்டு. அதன் வேரை நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்தார்கள். பீகாரில் அது பைத்தியத்துக்கு மருந்து. அந்த வேர் மனக் கொந்தளிப்பையும் இரத்தக் கொதிப்பையும் அடக்குகிறது என்று கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு வங்காள டாக்டர்கள் 1931-இல் எழுதினார்கள்.

வக்கீல் அதைச் சோதித்துப் பார்த்தார். 50 நோயாளிகளுக்கு வேரைக் கொடுத்து, இரத்த அழுத்தத்தை அளந்து குறித்தார். அந்த விவரம் 1949-இல் இங்கிலாந்து இருதய மருத்துவ இதழில் வெளிவந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது!

1952-இல் சுவிட்சர்லாந்து நாட்டார் அந்த வேரின் சத்தைப் பிரித்து எடுத்தார்கள். அதுதான் ரெசர்பின் மருந்து. இரத்தக் கொதிப்புக்கும் மனநோய்க்கும் அது பயன்பட்டது. வக்கீலுக்கு 1957-இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருதும், 1958-இல் பத்மபூஷண் பட்டமும் கிடைத்தன. 1974-இல் அவர் காலமானார்.

அமைதியிலும் ஆபத்து

மனத்தை அமைதிப்படுத்தும் அந்த மருந்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. சிலருக்கு ஓயாத மயக்கம் வந்தது. சிலர் மனம் சோர்ந்து போனார்கள். எழுந்து நின்றால் தலை சுற்றியது. வயதானவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். வயோதிகர்களுக்கு ஆகாத மருந்துகள் என்று 1991-இல் அமெரிக்காவில் டாக்டர் மார்க் பியர்ஸ் குழுவினர் வெளியிட்ட பட்டியலில் ரெசர்பினும் இடம் பெற்றது. தூக்க மாத்திரைகள் பலவும் இடம் பெற்றன.

காரணம் என்ன? வயது ஏற ஏற உடம்பில் நீர் குறைகிறது. கொழுப்பின் பங்கு கூடுகிறது. தூக்க மருந்துகள் பல கொழுப்பில் போய்த் தங்கிவிடும். ஈரலும் சிறுநீரகமும் மருந்தை மெதுவாகவே வெளியேற்றும். மூளையோ சிறிய அளவுக்கே மயங்கிவிடும். டயஸிபாம் என்ற மாத்திரை உடம்பில் பாதியாகக் குறைய, 20 வயதில் ஏறக்குறைய 20 மணி நேரம் போதும். 80 வயதில் அது நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். நேற்றைய மாத்திரை தீருமுன்பே இன்றைய மாத்திரையும் சேர்ந்துகொள்கிறது!

பம்பாய் மாளிகை ஆனாலும் தாராசுரத்துத் தறிக்காரர் வீடு ஆனாலும் முதுமை ஒன்றுதான். மகனுக்குக் கொடுத்த தூக்க மாத்திரையைத் தாத்தாவுக்குக் கொடுத்தால், இரவில் கொல்லைப்புறம் போக எழும்போது அவர் தடுமாறி விழலாம்; இடுப்பு எலும்பு முறியலாம். மறுநாள் வீட்டாரையே அடையாளம் தெரியாமல் விழிக்கலாம். வயதுக் கோளாறு என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது மாத்திரையின் வேலையாக இருக்கும்.

ஆகவே, பெரியவர்களுக்கு டாக்டர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில் மட்டுமே கொடுக்க வேண்டும். நாட்டு மருந்தும் மருந்துதான். அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பல நாள் சாப்பிட்ட தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மருந்து ஒன்றே ஆனாலும், வயதுக்கு ஏற்ப அளவு மாறும்.