மண்ணில் இறங்கும் மின்சாரத்தைப் பிடிக்க வழி தந்தவர்

பெரியாற்றுத் தண்ணீர் மலையைத் தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறது. வரும் வழியில் லோயர் கேம்ப்பில் மின்சாரமும் தருகிறது. வாய்க்கால் உடைந்தால் தண்ணீர் போகும் இடம் கண்ணுக்குத் தெரியும். ஆனால், மண்ணுக்குள் புதைத்த மின்சாரக் கம்பியின் உறை நைந்தால்? மின்சாரம் சத்தமில்லாமல் மண்ணில் இறங்கிவிடும். கம்பி எர்த் ஆகிவிட்டது என்று சொல்வது இதைத்தான். ஈர வயலில் வெறுங்காலோடு நடப்பவரின் உயிருக்கே இது ஆபத்து.

கசிவு எங்கே என்று ஊர் முழுவதும் தோண்டிப் பார்க்க முடியுமா? தோண்டாமலே இடத்தைச் சொல்லும் முறை ஒன்று உண்டு. அதற்கு அடிப்படையானது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கும் வீட்ஸ்டன் சுற்று.

வாத்தியக் கடைப் பையன்

சார்லஸ் வீட்ஸ்டன் 1802-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கிளாஸ்டர் நகருக்கு அருகே பிறந்தார். இளமையில் லண்டனில் தம் தந்தையின் சகோதரர் நடத்திய சங்கீத வாத்தியக் கடையில் வேலை பழகினார். ஒலியை ஆராய்ந்தார். கான்செர்டினா என்ற துருத்தி வாத்தியத்தை உருவாக்கினார்.

பிறகு அவர் மனம் மின்சாரத்தில் பதிந்தது. 1834-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியரானார். 1837-இல் குக் என்பவருடன் சேர்ந்து தந்திக் கருவி அமைத்தார். ஆனால் அவர் கூச்ச சுபாவம் உள்ளவர். சபையில் பேச நா எழாது. அவருடைய கண்டுபிடிப்புகளை நண்பர் ஃபாரடேதான் மக்களுக்கு விளக்கிச் சொன்னார்.

பிறர் புகழை மறைக்கவில்லை

கம்பியின் மின்தடையை அளக்கும் அந்தச் சுற்றை 1833-இல் முதலில் அமைத்தவர் கிறிஸ்டி என்ற அறிஞர். அதைக் கவனிப்பார் இல்லை. வீட்ஸ்டன் 1843-இல் அதன் பயனை உலகுக்கு எடுத்துக் காட்டினார். கிறிஸ்டியின் பெயரையும் மறைக்காமல் குறிப்பிட்டார். ஆயினும் உலகம் அதற்கு வீட்ஸ்டன் பெயரையே வைத்துவிட்டது!

1868-இல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. 1875-இல் பாரிஸ் நகரில் காலமானார்.

தராசு போன்ற சுற்று

அந்தச் சுற்று ஒரு தராசு மாதிரி. இரண்டு பக்கமும் சமமானால் கருவியின் முள் நடுவில் நிற்கும். பின்னால் வந்த தந்தி என்ஜினீயர்கள் கசிவைத் தேட இதையே பயன்படுத்தினார்கள்.

முதலில் பழுதான பகுதியை மட்டும் துண்டிப்பார்கள். மற்ற இடங்களுக்கு மின்சாரம் போகும். பிறகு, பழுதான கம்பியின் கடைசி நுனியை நல்ல கம்பி ஒன்றோடு இணைப்பார்கள். இரண்டும் ஒரே கனம், ஆளுக்கு 1,000 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். போய்வரும் நீளம் 2,000 மீட்டர். முள் நடுவில் நிற்கும்போது சுற்று 1-க்கு 4 என்ற கணக்கைக் காட்டினால், கசிவு இருப்பது ஐந்தில் ஒரு பங்குத் தூரத்தில். அதாவது 400 மீட்டரில்! அங்கே தோண்டினால் போதும்.

சபையில் பேசக் கூசிய மனிதர் பரப்பிய அந்தச் சுற்று, எங்கோ மண்ணுக்கடியில் ஒளிந்திருக்கும் ஆபத்தை இன்றும் காட்டிக் கொடுக்கிறது.