செவிலியரின் சொந்தக் கருத்தும் தடுப்பூசியும்: பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் வாழ்க்கை காட்டுவது

குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் பெற்றோர் செவிலியரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இத்தடுப்பூசியைப் பற்றி அவருக்கு என்ன தோன்றுகிறது, தம் பிள்ளைக்கு அவர் போட்டாரா என்பதே அது. மருத்துவரைவிடச் செவிலியரை நெருக்கமானவராகக் கருதுவதால் எழும் இயல்பான கேள்வி. அதற்குச் செவிலியர் தம் சொந்தக் கருத்தை விடையாகக் கூறலாமா? நவீனச் செவிலிப்பணிக்கு அடித்தளமிட்ட பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் வாழ்க்கையை இக்கேள்வியோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். நோய் பரவும் விதம் குறித்து அவர் பல ஆண்டுகள் உறுதியாக நம்பிய ஒரு கருத்து பிழையானது. இல்லத்தரசியருக்கென்று எழுதிய நூலிலும் அக்கருத்தை அவர் சேர்த்திருந்தார்.

இளமையும் போர்க்களமும்

நைட்டிங்கேல் 1820 மே 12 அன்று இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், செல்வமிக்க ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவருக்கு இடப்பட்டது. அவரது பிறந்த நாளே உலகச் செவிலியர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தந்தையே அவருக்கு மொழிகளும் வரலாறும் கற்பித்தார். கணிதத்தில் அவருக்குத் தனி நாட்டம் இருந்தது. மருத்துவமனைப் பணி மதிப்புள்ள குடும்பத்துப் பெண்ணுக்கு ஏற்றதன்று எனக் கருதப்பட்ட காலம் அது. வீட்டார் பல ஆண்டுகள் தடுத்தனர். 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் ஏறத்தாழ மூன்று மாதம் பயிற்சி பெற்றார். 1853-இல் லண்டனில் நோயுற்ற பெண்களுக்கான சிறிய மருத்துவமனை ஒன்றின் கண்காணிப்பாளரானார்.

அடுத்த ஆண்டே கிரிமியப் போரில் பிரிட்டன் இறங்கியது. 38 பெண்களுடன் நைட்டிங்கேல் 1854 நவம்பரில் துருக்கியின் ஸ்கூட்டாரியில் இருந்த படை மருத்துவமனையை அடைந்தார். கட்டடத்தின் அடியில் கழிவுநீர் தேங்கிக் கிடந்தது. கூடங்களில் காற்றோட்டம் இல்லை. உணவு, துணி, படுக்கை ஆகியவற்றை அவர் சீர்செய்தார். ஆயினும் அக்குளிர்காலத்தில் இறப்புகள் பெருகிக்கொண்டே சென்றன. 1855 பிப்ரவரியில் அங்குச் சேர்க்கப்பட்டோரில் நூற்றுக்கு 42 பேர் என்ற அளவில் இறந்தனர். காயங்களைவிட வாந்திபேதி, டைபஸ் காய்ச்சல், சீதபேதி ஆகியவையே அதிக உயிர்களைப் பறித்தன. மார்ச் மாதத்தில் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு கழிவுநீர்ப் பாதைகளைக் கழுவித் திறந்தது. சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தது. காற்றுக்கு வழி செய்தது. ஜூன் மாதத்தில் அந்த விகிதம் நூற்றுக்கு 2 என்ற அளவுக்கு இறங்கியது.

போர் நடந்துகொண்டிருந்தபோது, பட்டினியாலும் கடும் உழைப்பாலும் நலிந்து மிகத் தாமதமாக வந்து சேர்ந்ததே வீரர்களின் சாவுக்குக் காரணம் என்று நைட்டிங்கேல் எண்ணினார். 1856-இல் நாடு திரும்பியபின், புள்ளியியலாளர் வில்லியம் பார் என்பவருடன் அமர்ந்து இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தார். மருத்துவமனையின் சுகாதாரக் கேடே பெருங்காரணம் என்பது அப்போது அவருக்குத் தெளிவாயிற்று. அவர் பணியாற்றிய இடத்துக்கு அக்கணக்கு பெருமை சேர்க்கவில்லை. இருந்தும் கணக்கின் பக்கமே நின்றார். அதை வண்ண வட்டப்படங்களாக வரைந்து ஆட்சியாளர் முன் வைத்தார். 1858-இல் லண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரானார்.

ஒரு நூலும் அதனுள் ஒரு முரணும்

1859-இல் வெளிவந்த அவரது செவிலிப்பணிக் குறிப்புகள் என்னும் நூல், பயிற்சி பெற்ற செவிலியருக்காக எழுதப்பட்டதன்று. வீட்டில் குழந்தையையும் நோயாளியையும் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்காக எழுதப்பட்டது. நோயாளியைப் பார்க்க வருவோர் நிலைமை அறியாமல் அள்ளிவீசும் ஆறுதல்களையும் அறிவுரைகளையும் அந்நூல் கடுமையாகச் சாடுகிறது. அவ்வாறே, நோயாளியின் நிலை பற்றிச் செவிலியரிடம் வேண்டப்படுவது உண்மைத் தகவலே, அபிப்பிராயம் அன்று என்றும் வலியுறுத்துகிறது. இரவு நன்றாகத் தூங்கினாரா என்று கேட்பதைவிட எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேட்பதே பயனுடையது என்பது அவர் கொள்கை.

அதே நூலில் பெரியம்மை பற்றிய ஒரு பகுதி உண்டு. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாமலே, நெருக்கடியான கூடங்களிலும் காற்றில்லாத அறைகளிலும் அந்நோய் புதிதாக முளைத்ததைத் தாமே கண்டதாக அவர் எழுதினார். கண்டதை அவர் திரித்துக் கூறவில்லை என்றே கொள்ளலாம். யாரும் நோயுடன் வராத ஒரு கூடத்தில் திடீரென ஒருவர் உடலில் அம்மை தோன்றியதை அவர் பார்த்திருக்கக்கூடும். ஆனால் பெரியம்மைக் கிருமி உடலில் புகுந்தபின் வெளித்தோன்றாமல் பெரும்பாலும் 10 முதல் 14 நாள் வரை மறைந்திருக்கும். அந்த இடைவெளியைக் கண் காணாது; பலருடைய கணக்கைத் தொகுத்தால்தான் தெரியும். ஸ்கூட்டாரியின் இறப்புகளை எண்ணிப் பார்த்துத் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டவர், பெரியம்மையில் தம் கண்ணை மட்டும் நம்பினார்.

இதன் கனத்தை உணர, அன்றைய இங்கிலாந்தை நினைத்துப் பாருங்கள். எட்வர்டு ஜென்னர் 1796-இல் பெரியம்மைத் தடுப்பூசியைச் செய்து காட்டியிருந்தார். 1853-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கைக்குழந்தைகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. எதிர்ப்பு வலுத்து, 1898-இல் மனச்சான்றின் பேரில் மறுக்கும் உரிமை பெற்றோருக்கு அளிக்கப்பட்டது. தூய்மை இருந்தால் போதும், தடுப்பூசி தேவையில்லை என்பது எதிர்ப்பாளர் வாதங்களுள் ஒன்று. நைட்டிங்கேல் அவ்வியக்கத்தை நடத்தியவர் அல்லர். எனினும், நாடே நம்பிய ஒரு செவிலியரின் பெயரோடு, இந்நோய் தொற்றாமலே தோன்றும் என்ற கருத்து வீடுகளுக்குள் சென்றது. புகழ் மிகுந்தவரின் அபிப்பிராயம் கேட்பவர் காதில் சான்றாகவே விழுகிறது.

1860-இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இந்தியாவுக்கு ஒருமுறையும் வராமலே இங்குள்ள படை முகாம்களின் சுகாதாரத்தை ஆராய்ந்தார்; அது குறித்த ஆணைய அறிக்கை 1863-இல் வெளிவந்தது. சென்னை மாகாணத்தின் பாசனம், பஞ்சம் குறித்தும் பின்னர் எழுதினார். இதற்கிடையே ராபர்ட் கோக் 1882-இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். 1884-இல் கல்கத்தாவில் வாந்திபேதிக் கிருமி குறித்த ஆய்வை முடித்தார். நைட்டிங்கேலும் 1880-களில் கிருமிக் கோட்பாட்டை மெல்ல ஏற்று, கிருமிநாசினியால் கை தூய்மை செய்வது போன்ற முறைகளைச் செவிலியருக்கு வலியுறுத்தினார். அறுபது வயதைக் கடந்தபின் நேர்ந்த மாற்றம் இது, எளிதன்று. 1910 ஆகஸ்ட் 13 அன்று, 90-ஆம் வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யும் வாய்ப்பைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. அவரது கல்லறையில் பெயரின் முதல் எழுத்துகளும் பிறந்த, இறந்த தேதிகளுமே உள்ளன.

உங்கள் செவிலியரிடம் எதை எதிர்பார்க்கலாம்

நோயாளியின் படுக்கையருகே நைட்டிங்கேல் வகுத்த அளவுகோலைத் தடுப்பூசி அறைக்கும் பொருத்தலாம். எந்த நோய்க்கு எந்தத் தடுப்பூசி, எப்போது, என்னென்ன பின்விளைவு வரலாம், யார் மருத்துவ அலுவலரைக் கலந்த பின்னரே போட்டுக்கொள்ள வேண்டும் என்பவற்றைச் செவிலியர் உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். தடுப்பூசியைப் பரிந்துரைப்பதும் அக்கடமையில் அடங்கும். அது தனி மனிதரின் விருப்பம் அன்று, ஆய்வுகளின் முடிவு. செவிலியருக்கே ஐயம் இருந்தால் அதை மருத்துவ அலுவலரிடம் கேட்டுத் தெளியலாம். வரிசையில் நிற்கும் தாயின் காதில் கிசுகிசுப்பது தகாது.

தடுப்பூசிக்கு ஆதரவான சொந்தக் கருத்தும் சில வேளை தீங்காகும். தம் பிள்ளைக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று செவிலியர் ஆறுதலாகக் கூறுகிறார் என வைத்துக்கொள்ளுங்கள். 6-ஆம் வாரப் பென்டாவேலன்ட் ஊசிக்குப்பின் உங்கள் குழந்தைக்கு அன்றிரவே காய்ச்சல் வந்தால், ஏதோ தவறு நேர்ந்ததென்று நீங்கள் அஞ்சி 10-ஆம் வாரம் வராமல் நின்றுவிடக்கூடும். ஓரிரு நாள் காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் வரலாம் என்று முன்பே கேட்டிருந்தால் அந்த அச்சம் எழாது. தம் பிள்ளைக்குப் போட்டதுண்டா என்று நீங்கள் கேட்டால் செவிலியர் உள்ளதைச் சொல்லலாம். அதனோடு நிறுத்தாமல் மேற்கண்ட விவரங்களையும் அவர் கூற வேண்டும். கூறாவிடில் நீங்களே கேளுங்கள்.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் நிலையத்திலேயே காத்திருங்கள். வீட்டில் காய்ச்சல் வந்தால், எப்போது தொடங்கியது, எவ்வளவு இருந்தது என்பதைக் குறித்து வைத்து, அடுத்த முறை தடுப்பூசி அட்டையுடன் செவிலியரிடம் காட்டுங்கள். மூச்சுத்திணறல், வலிப்பு, விடாத அழுகை ஆகியவை இருந்தால் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.