ஒற்றைச் சந்தையின் நிழலில் ஆனந்தரங்கர்

செஞ்சியை அடுத்த சிங்கவரம் குன்றிலிருந்து பார்த்தால் கோட்டை மலைகள் தெரியும். 1750-இல் அக்கோட்டையைப் பிரெஞ்சுப் படை கைப்பற்றியது. பிரெஞ்சுக்காரரை இக்கரைக்கு முதலில் ஈர்த்தது அரசாட்சி அன்று, துணி. அவ்வணிகத்தின் தமிழ் முகமாக விளங்கியவர் ஆனந்தரங்கப் பிள்ளை.

1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை, மைத்துனர் நைனியப்ப பிள்ளையைத் துணையாகக் கொண்டு புதுச்சேரியில் வணிகம் செய்தார். கம்பெனியின் தலைமைத் தரகராயிருந்த நைனியப்பர், ஆளுநரின் பகைக்கு ஆளாகிச் சொத்திழந்து 1717-இல் சிறையில் இறந்தார். எனினும் குடும்பம் வணிகத்தைக் கைவிடவில்லை.

தந்தைக்குப்பின் ரங்கப் பிள்ளை, பரங்கிப்பேட்டையில் கம்பெனிக்கான நீலத்துணி நெசவையும் சாயமிடுதலையும் மேற்பார்த்தார். ஆர்க்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் வணிக நிலையங்கள் நிறுவினார். சொந்தக் கப்பலும் ஓட்டினார். துப்ளே ஆட்சியில் தலைமைத் துபாஷி ஆனார். 1736 முதல் அவர் எழுதிய நாட்குறிப்பில் அரசியலும் விலைவாசியும் அருகருகே நிற்கின்றன.

போர்கள் வணிகத்தைக் குலைத்தன. 1754-இல் துப்ளே திருப்பியழைக்கப்பட்டார். இரண்டாண்டுகளில் பிள்ளையின் பதவியும் போயிற்று. 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாள்கள் முன்பு மறைந்தார்.

இக்குடும்பத்துக்கு உழைப்பிலோ திறமையிலோ குறைவில்லை. ஆனால், பெரும்பகுதிச் சரக்கை வாங்கியவர் ஒருவரே, அவரே ஆட்சியாளர். அவர் முகம் சுளித்தபோது நைனியப்பர் அழிந்தார். அவர் வீழ்ந்தபோது ரங்கப் பிள்ளையும் சரிந்தார். ஓர் அயல்நாட்டுச் சந்தையையே நம்பித் தறியோட்டும் இன்றைய ஆடைக் குடும்பங்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய வரலாறு இது.