லூரியா என்னும் ருஷ்ய அறிஞர்

மூளையைப் பற்றிய நூலென்றால் வைத்திய மாணவரன்றிப் பிறர் எளிதிற் கையிலெடுக்கத் துணியார். அப்பொருளையே கதைபோற் சுவைபட எழுதிய அலெக்ஸாந்தர் லூரியா, வால்கா நதியை அடுத்த காஸான் நகரில் 1902ஆம் வருஷம் ஒரு வைத்தியரின் புதல்வராய்ப் பிறந்தார். பத்தொன்பதாம் பிராயத்திலேயே பட்டம் பெற்று, பின்னர் மாஸ்கோவை அடைந்தார். மனோதத்துவத்தில் பேர் பெற்ற பின்னும், முப்பது வயது கடந்து மீண்டும் மாணாக்கராயமர்ந்து 1937இல் வைத்தியத்திலும் தேறினார்.

இவர் இளைஞராயிருந்த நாளில் பத்திரிகை நிருபரொருவர் இவரிடம் வந்தார். எழுபது சொற்களைக் கூறினும் அவர் முறை பிறழாது திருப்பியுரைப்பார். பதினைந்தாண்டு கழித்துத் திடீரெனக் கேட்டபோதும் அவ்வாறே உரைத்தார். ஒவ்வொரு சொல்லையும் உருவாக்கி, தாமறிந்த வீதியின் வாயில்களிலும் சுவரோரங்களிலும் மனத்தால் வைத்துச் செல்வது அவர் வழக்கம். ஒருமுறை முட்டை என்னும் சொல் விடுபட்டது. மறதியன்று காரணம், வெண்சுவரருகே வைத்த முட்டை அவர் மனக்கண்ணிற் படவில்லை!

பிறராயின் இத்திறமையை அளந்து ஒரு பட்டியல் வரைந்து அமைந்திருப்பர். லூரியாவோ அம்மனிதரை ஏறக்குறைய முப்பதாண்டு அணுகியிருந்து, மறக்கமாட்டாமையால் அவர் பட்ட துயரையும் கண்டார். மறக்க விரும்பியதைத் தாளில் எழுதித் தீயிலிட்டும் பார்த்தாராம் அந்நிருபர். இவற்றையெல்லாம் 1968இல் லூரியா ஒரு சிறு நூலாக்கினார். அதனைப் படித்த ஆங்கில வைத்தியர் ஆலிவர் சாக்ஸ் முதற்சில பக்கங்கள் வரை நாவலென்றே கருதினார். பின்னர்த் தாமும் அந்நெறியிலேயே எழுதிப் புகழெய்தினார்.

எனினும் என் மனத்தை விட்டகலாதது 1971இல் வெளிவந்த மற்றொரு நூலே. 1943ஆம் வருஷ யுத்தத்தில் குண்டொன்று ஓர் இளம் போர்வீரரின் மூளையில் இடப்புறத்துப் பின்பகுதியைச் சிதைத்தது. வலப்பாற் காட்சி மறைந்தது, எழுத்துக்கள் அந்நியமாயின. ஒரு நாள் வைத்தியர், எழுத்தைச் சிந்தியாமல், கையைத் தூக்காமல் எழுதும்படி கூற, கை தானே எழுதிற்று! எழுத்தின் வடிவத்தை அறியும் இடம் அழிந்தும், கையின் பழக்கத்தைக் காக்கும் இடம் பிழைத்திருந்தது. ஆனால், எழுதியதைத் தாமே படிக்க அவரால் இயலவில்லை. ஒரு சொல்லுக்காகப் பல நாள் தவித்தும், இருபத்தைந்து வருஷத்தில் மூவாயிரம் பக்கங்கள் எழுதினார். மூளையின் முன்பகுதி ஊறுபடாமையால் தம் குறையை உணரும் அறிவும், அதனோடு போராடும் உறுதியும் அவருக்கு எஞ்சின என்பது லூரியாவின் விளக்கம். அவ்விளக்கத்தையும் அவர் நீட்டவில்லை. வீரர் எழுதியதை முதன்மையாக வைத்து, தம் சாஸ்திரத்தை அதனிடையே அளவாகப் புகுத்தினார். நோயாளியின் பெயரால் தம் புலமையைக் காட்டும் ஆசிரியர் பலரை நோக்க, இவ்வடக்கம் அரிதே.

வைத்தியருக்கென அவர் எழுதிய பெருநூல்களும் பலவுள. லூரியா 1977ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் மாஸ்கோவில் காலமானார்.