கல்லிலே புதையல் கண்ட மேரி அன்னிங்

இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், நீண்ட கழுத்தும் துடுப்புக் கால்களும் உடைய பிளீசியோசர் என்னும் பழங்காலக் கடல் விலங்கின் எலும்புக்கூடு ஒன்று உள்ளது. அதைக் கண்டெடுத்தவர் ஓர் ஏழைத் தச்சரின் மகள்.

மேரி அன்னிங் 1799-இல் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் என்னும் கடலோர ஊரில் பிறந்தார். 1810-இல் தந்தை கடனை வைத்துவிட்டு மறைந்தார். குன்றுகளில் கிடைத்த அம்மோனைட் சுருள்களை (சாளக்கிராமமும் இவ்வினமே) விற்றுத்தான் குடும்பம் பிழைத்தது. 1811-இல் அண்ணன் ஜோசப் பெரிய மண்டையோடு ஒன்றைக் கண்டார். மறு ஆண்டு அதன் உடலைத் தேடிக் கண்டவர் மேரி. அப்போது அவருக்கு நம் எட்டாம் வகுப்பு மாணவியரின் வயதே!

குளிர்காலப் புயலில் குன்று சரியும்போதுதான் எலும்புகள் வெளிப்படும். அலை கொண்டுபோகுமுன் எடுத்தாக வேண்டும். 1833-இல் அத்தகைய சரிவில் அவருடைய நாய் டிரே கண்ணெதிரே மாண்டது. அவரோ மயிரிழையில் தப்பினார்.

1823-இல் கிடைத்த பிளீசியோசரைப் போலியோ என்று பேரறிஞர் குவியேயே ஐயுற்றார், பின்னர் ஏற்றுக்கொண்டார். ஆனால் 1824-இல் நிலவியல் கழகத்தில் அது விளக்கப்பட்டபோது மேரியின் பெயர் சொல்லப்படவில்லை. பெண்களுக்கு அங்கே இடமும் இல்லை. இது பெரும் அநீதியே.

1847-இல் மார்பகப் புற்றுநோயால் மேரி காலமானார். அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில் இன்று லைம் ரீஜிஸ் அருங்காட்சியகம் நிற்கிறது.